குருபரப்பள்ளி பெஞ்சு

அத்திப்பள்ளி தாண்டும் காலை பஸ்ஸில், ஒரு கையால் மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறு கையில் விரித்த புத்தகத்தோடு அண்ணி நின்ற நிற்பு இன்னும் என் கண்ணிலேயே இருக்கிறது. சோதனைச்சாவடியில் லாரிகள் வரிசைகட்டி நிற்கும்; பஸ் நகராது. மற்றவர்கள் டிரைவரில் ஆரம்பித்து இரண்டு மாநில அரசுகள் வரைக்கும் திட்டி முடிப்பார்கள். அண்ணி மட்டும் நிம்மதியாகப் பக்கத்தைத் திருப்புவார். பஸ் நின்றால்தான் எழுத்து ஆடாமல் இருக்கிறது என்பார். எனக்கு பொம்மசந்திராவில் ஒரு சின்ன கம்பெனியின் டூல் ரூமில் வேலை. அண்ணிக்கு அதையும் தாண்டி பெங்களூரில் கல்லூரி. ஓசூரிலிருந்து ஒரே பஸ்ஸில் போவோம். நான் இறங்கும்போது அண்ணி தலையை மட்டும் ஆட்டுவார், கண் புத்தகத்தில் இருக்கும். இரண்டாயிரங்களின் நடுப்பகுதி அது. கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகி அதிகக் காலம் ஆகியிருக்கவில்லை.

அண்ணி படித்தது சுகாதாரப் பொருளாதாரத்தில் முதுகலை. இந்தப் பெயரை எங்கள் தெருவில் சொல்லிப் புரியவைப்பதற்குள் எனக்கு நாக்கு தள்ளிவிட்டது. நாங்கள் குடியிருந்தது சிப்காட் பக்கத்தில் ஒரு லைன் வீட்டில். ஒரே கூரை, ஒரே சுவர், வரிசையாகக் கதவுகள். ஒரு கதவில் தெலுங்கு, அடுத்ததில் கன்னடம், அதற்கடுத்து எங்கள் சாத்தூர்த் தமிழ். பொருளாதாரம் என்ற பாதியைப் பிடித்துக்கொண்டவர்கள் வந்து தங்கம் இன்னும் ஏறுமா என்று கேட்டார்கள். சுகாதாரம் என்ற பாதியைப் பிடித்துக்கொண்டவர்கள் பிள்ளைக்குச் சளி என்று தூக்கி வந்தார்கள். சளிக்கு அண்ணி பதில் சொல்லிவிடுவார், நர்ஸாக இருந்தவர்தானே. தங்கத்துக்கு, "அது எனக்குத் தெரிஞ்சா நான் ஏங்க பஸ்ல நின்னுக்கிட்டே போறேன்" என்பார்.

சிங்காரப்பேட்டைக்காரர் அண்ணி. ஓசூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸாக இருந்தபோது, கம்பெனி பிரஸ் மெஷினில் விரலை நசுக்கிக்கொண்டு போன என் அண்ணனுக்குக் கட்டுப் போட்டார். கட்டுப் பிரிக்க வேண்டிய நாள் போன பிறகும் அண்ணன் விரலைக் காட்டிக்கொண்டு போய்க்கொண்டே இருந்தான். அப்படி முடிந்த கல்யாணம் அது. அம்மாவுக்கு முதலில் மனத்தாங்கல்தான். ஆனால் அண்ணி வந்த புதிதிலேயே அம்மாவின் முழங்கால் வலிக்கு என்ன செய்ய வேண்டும் என்று சொல்லி, வலியும் குறைந்துபோனதால் மனத்தாங்கலும் கூடவே போய்விட்டது.

நர்ஸ் வேலையில் அண்ணியை ஒரு கேள்வி அரித்துக்கொண்டே இருந்தது. ஏன் இந்த மனிதர்கள் இவ்வளவு தாமதமாக வருகிறார்கள்? பக்கத்திலேயே இலவசமாகப் பார்க்கும் அரசு சுகாதார நிலையம் இருக்கிறது. இருந்தும் புண் அழுகிய பிறகு, சர்க்கரை எகிறி மயங்கி விழுந்த பிறகு, ஆள் பிடித்துத் தூக்கி வருகிறார்கள். டாக்டர்களிடம் கேட்டால், படிப்பறிவு இல்லை என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். அண்ணிக்கு அந்தப் பதில் போதவில்லை. பேப்பரில் இந்தப் படிப்புக்கான விளம்பரத்தைப் பார்த்து வெட்டி எடுத்து வந்தவன் அண்ணன்தான். "நீ பாட்டுக்குப் படி. வீடு ஓடும்" என்று சொல்லிவிட்டு சாப்பிட உட்கார்ந்துவிட்டான். அதற்கு மேல் அவனிடம் பேச்சு வராது. அவன் அப்போது ஒரு கார் உதிரிபாகக் கம்பெனியில் பல வருடமாக டிரெய்னி. பெயர்தான் டிரெய்னி, புதிதாக வருபவர்களுக்குத் தொழில் சொல்லிக்கொடுப்பதே அவன்தான். அடுத்த வருடம் நிரந்தரம் ஆகும் என்று ஒவ்வொரு வருடமும் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

இரண்டாம் ஆண்டில் அண்ணி ஆய்வு செய்ய வேண்டியிருந்தது. பழைய கேள்வியையே எடுத்துக்கொண்டார். தொழிலாளர்கள் உடம்புக்கு வந்தால் எங்கே போகிறார்கள், ஏன் அங்கே போகிறார்கள். கன்னடத்துக்கும் தெலுங்குக்கும் நான் துணை. விடுமுறை நாளையெல்லாம் அண்ணிக்கே எழுதிக்கொடுத்தேன். அண்ணனின் கம்பெனி உட்பட சில கம்பெனிகளில், ஷிஃப்ட் மாறும் நேரத்தில் கேட்டுக்கு உள்ளே உட்கார்ந்து கேட்டுக்கொள்ள அனுமதி கிடைத்தது. அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. பெண்பிள்ளை வெயிலில் உட்காரக் கூடாது என்று நிர்வாகமே மேஜை போட்டு, குடை நட்டு, டீ கொடுத்து உபசரித்தது. பர்சனல் ஆபீசர், ஆட்களை வேலைக்கு எடுப்பதும் அனுப்புவதும் அவர்தான், மரியாதைக்காக அண்ணி பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார்.

ஆட்கள் வரிசையாக வந்தார்கள். கடந்த சில மாதங்களில் உடம்புக்கு ஏதாவது வந்ததா என்பது கேள்வி. "ஒண்ணுமில்லீங்க, நல்லாத்தான் இருக்கறேன்" என்பது பதில். கையில் கட்டுப் போட்டிருந்தவருக்கு ஒன்றுமில்லை. இருமி இருமிக் கண் கலங்கியவர், இருமலுக்கு நடுவில் கிடைத்த இடைவெளியில் தனக்கு ஒன்றுமில்லை என்றார். குந்தாரப்பள்ளிக்காரர் ஒருவர் நொண்டிக்கொண்டே வந்து, நன்றாக இருப்பதாகச் சொல்லிவிட்டு நொண்டிக்கொண்டே போனார். அண்ணனும் வரிசையில் வந்தான். மனைவியிடம் பேட்டி கொடுக்கும் கூச்சத்தில் காதெல்லாம் சிவக்க, "எதுவும் இல்ல" என்றான். அண்ணி சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுதினார். நான் மொழிபெயர்க்க வேண்டிய வேலையே இல்லை. மூன்று மொழியிலும் எல்லோரும் நலம்.

பெங்களூரில் அண்ணியின் பேராசிரியர் அந்தத் தாள்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, உங்கள் ஊரில் ஆஸ்பத்திரிகளை மூடிவிட்டு டாக்டர்களை எங்களிடம் அனுப்பிவிடுங்கள், இங்கே நிறைய நோயாளிகள் இருக்கிறார்கள் என்றாராம். அன்று திரும்பும் பஸ்ஸில் அண்ணி புத்தகத்தைத் திறக்கவில்லை. ஆய்வை ஒப்படைக்க வேண்டிய நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. பஸ் அத்திப்பள்ளி வந்ததும் தானாகச் சிரிக்க ஆரம்பித்தார். "ஏன் தம்பி, அனுப்புற ஆள பக்கத்துல ஒக்கார வெச்சிக்கிட்டு ஒடம்பு எப்படி இருக்குதுன்னு கேட்டா, எவன் சொல்லுவான்?" என்றார். எனக்கும் அப்போதுதான் உறைத்தது. அந்தக் கேட்டுக்குள் நோயைச் சொல்பவன் அடுத்த முறை வேலைக்கு எடுக்கப்பட மாட்டான் என்பது ஒவ்வொருவருக்கும் தெரியும். அப்படி எழுதிவைத்த விதி எதுவும் கிடையாது. ஆனாலும் எல்லோருக்கும் தெரியும்.

இனி கேட்டில் நிற்பதில்லை, நோயாளி உட்காரும் இடத்தில் போய் உட்காருவது என்று அண்ணி முடிவுசெய்தார். கூட வேலை பார்த்த ஒரு தோழி, குருபரப்பள்ளியில் நெடுஞ்சாலையை ஒட்டி ஒரு டாக்டரின் கிளினிக்கில் இருந்தார். சாயங்காலம் திறக்கும் கிளினிக். வாசலில் பங்க்சர் கடை, பக்கத்தில் லாரிக்காரர்கள் சாப்பிடும் ஓட்டல். உள்ளே சுவரோரமாக ஒரு நீளப் பெஞ்சு, எதிர்ச் சுவரில் முருகன் படம் போட்ட காலண்டர். சுற்றுப்பட்டு விவசாயிகள் வருவார்கள் என்று எதிர்பார்த்துப் போனோம். வந்தார்கள்தான். ஆனால் பெஞ்சில் பாதி, ஓசூர்க் கம்பெனி ஆட்கள்.

எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. ஓசூரிலேயே தெருவுக்குத் தெரு டாக்டர் இருக்கும்போது பஸ் ஏறி சூளகிரியும் தாண்டி இங்கே ஏன் வர வேண்டும்? அதைவிட வேடிக்கை, ஒரே கம்பெனியில் ஒரே லைனில் நிற்கும் இருவர் அந்தப் பெஞ்சில் அடுத்தடுத்து உட்கார்ந்து ஒருவரையொருவர் தெரியாததுபோல் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்ததுதான். அந்தப் பெஞ்சுக்கு என்று ஒரு மரியாதை இருந்தது. அங்கே யாருக்கும் யாரையும் தெரியாது. முந்தின நாள் எங்கள் கம்பெனி கேண்டீனில் என்னோடு உட்கார்ந்து சாப்பிட்ட ஓசூர்க்காரர் ஒருவரும் என்னைப் பார்த்துவிட்டு முருகனைப் பார்க்க ஆரம்பித்தார். நானும் முருகனைப் பார்த்தேன். அண்ணியின் பாடப்புத்தகங்களில், ஆஸ்பத்திரி தூரமாக இருந்தால் மக்கள் போக மாட்டார்கள் என்று இருக்கும். இங்கே தூரமாக இருப்பதால்தான் வந்துகொண்டிருந்தார்கள்.

அண்ணி ஒவ்வொருவரிடமும் ஒரே மாதிரிதான் ஆரம்பிப்பார். இஷ்டம் இல்லையென்றால் வேண்டாம் என்று சொல்லிவிடலாம், சொல்வதை யாரிடமும் சொல்ல மாட்டோம், கம்பெனியில் இருப்பவர்களிடமும் சரி, உங்கள் வீட்டில் இருப்பவர்களிடமும் சரி. இதைக் கல்லூரியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அண்ணி அதைச் சத்தியம்போலச் சொல்வார். கேட்டில் வாயைத் திறக்காதவர்கள் இங்கே கொட்டித் தீர்த்தார்கள்.

அப்படி ஒரு சாயங்காலம், செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான் அண்ணன்.

ஓவர்டைம் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தவன். எங்களைப் பார்த்ததும் காலை வெளியே வைக்கவா உள்ளே வைக்கவா என்று தெரியாமல் நின்றான். அந்த வருடம் அவன் இளைத்துக்கொண்டே வந்தது, அதைப் பார்த்து அம்மா ஷிஃப்ட் வேலையைத் திட்டியது, சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தது எல்லாம் ஒரே நேரத்தில் நினைவுக்கு வந்தன. அண்ணிக்கும் வந்திருக்க வேண்டும். ஒரு நிமிடம் முகம் வெளுத்துப்போய்விட்டது. பெஞ்சில் இருந்தவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் புதுத் தாள் ஒன்றை எடுத்துவைத்துக்கொண்டார்.

"ஒக்காருங்க. உங்ககிட்ட சில கேள்வி கேக்கலாமுங்களா? இஷ்டம் இல்லேன்னா வேணாம்னு சொல்லிடலாம். நீங்க சொல்றத யாருகிட்டயும் சொல்ல மாட்டோம். உங்க வீட்டுல இருக்கறவங்ககிட்டயும்தான்."

அண்ணன் என்னைப் பார்த்தான். பிறகு அண்ணியைப் பார்த்தான். "கேளுங்க" என்று உட்கார்ந்தான்.

"என்னா பிரச்சனைக்கு வந்திருக்கறீங்க?"

"சுகர்."

"ரொம்ப நாளாவா?"

"ஒரு வருசத்துக்கு மேல இருக்கும்."

"ஓசூர்லயே பாக்கலாமே?"

"தெரிஞ்சவங்க பாத்துருவாங்க. கம்பெனிக்குப் போயிரும். இந்தத் தடவையாவது பெர்மனென்ட் ஆகணும்."

"வீட்டுல தெரியுமா?"

"தெரியாது."

"ஏன் சொல்லல?"

கேள்வித்தாளில் இருந்த கேள்விதான் அது. எல்லோரிடமும் கேட்பதுதான். அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "வீட்டுக்காரி படிச்சிக்கிட்டு இருக்கா. முன்னாடி நர்ஸா இருந்தவ. தெரிஞ்சா படிப்பத் தூக்கிப் போட்டுட்டு என் பின்னாடியே மாத்திரையோட அலைவா. அவ முடிக்கட்டும்னு இருந்தேன்."

அண்ணி எழுதவில்லை. பேனா தாளில் ஒரே இடத்தில் நின்றது. பக்கத்தில் இருந்த கவுண்டர் ஒருவர், விவரம் எதுவும் தெரியாமல், "நல்ல மனுசன்ப்பா" என்றார். அண்ணி குனிந்து எழுதி முடித்துவிட்டு, தாளில் இல்லாத ஒரு கேள்வியைக் கேட்டார். "மாத்திரைய ஒழுங்கா போடறீங்களா?"

"போடுறேன்."

"சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"முன்னாடி."

"சரி. அடுத்தவர வரச் சொல்லுங்க."

அன்று அண்ணன் ஒரு பஸ்ஸில் வீட்டுக்குப் போனான், நாங்கள் அடுத்த பஸ்ஸில் போனோம். நாங்கள் போகும்போது டிவி பார்த்துக்கொண்டிருந்தவன், ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்டான். "சர்வே" என்றார் அண்ணி. அவ்வளவுதான். நானும் பார்க்கிறேன், இன்றைக்குப் பேசுவார்கள், நாளைக்குப் பேசுவார்கள் என்று. பேசவில்லை. பொறுக்க மாட்டாமல் பஸ்ஸில் கேட்டேன்: "அண்ணி, அவன்கிட்ட கேக்க மாட்டீங்களா?" அண்ணி என்னைக் கண்டிப்போடு பார்த்தார். "என்னான்னு கேக்கறது? அந்த பெஞ்சுல ஒக்காந்திருந்தவரு சொன்னத வீட்டுல யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சொல்லியிருக்கறேன். நான் வீட்டுல இருக்கறவதானே?"

பேசவில்லையே தவிர, வீட்டில் வேலை நடந்துகொண்டிருந்தது. இரவுச் சாப்பாடு திடீரென்று ராகிக் களி ஆனது. டீயில் சர்க்கரை காணாமல் போனது. நல்ல அரிசிச் சோற்றுக்குப் பழகிய அம்மா, மருமகளுக்குப் பிறந்த வீட்டு நினைப்பு வந்துவிட்டது போலிருக்கிறது, ஒரு தடவை சிங்காரப்பேட்டைக்குக் கூட்டிக்கொண்டு போய் வாடா என்று அண்ணனை நச்சரித்தார். அண்ணன் களியை உருட்டி உருட்டி விழுங்கினான். சாப்பிட்ட பிறகு அண்ணிக்குத் திடீரென்று நடக்கத் தோன்றும், தனியாகப் போகப் பயமாக இருக்கும். அண்ணன் துணைக்குப் போவான். போகும்போதும் வரும்போதும் மழை, கரண்ட், அடுத்த வீட்டுச் சண்டை என்று எதையாவது பேசுவார்கள். அதைத்தான் பேச மாட்டார்கள். நடுவில் மாட்டிக்கொண்டு சிரிக்கவும் முடியாமல் சொல்லவும் முடியாமல் தவித்தவன் நான்தான்.

ஆய்வு நன்றாக அமைந்தது. பேராசிரியர் இந்தத் தடவை கிண்டல் செய்யவில்லை. வகுப்பில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினாராம். எங்கள் பக்கத்துச் சுகாதார நிலையத்தின் டாக்டரம்மாவும் அதை முழுக்கப் படித்தார். காலையில் மட்டும் புறநோயாளிகளைப் பார்த்தால் ஷிஃப்ட்காரன் எப்போது வருவான் என்று அண்ணி எழுதியிருந்தது அவருக்குப் பட்டது. கிருஷ்ணகிரிக்கு இரண்டு மூன்று நடை அலைந்து, சாயங்காலமும் பார்க்க அனுமதி வாங்கினார். ஒரு மாதம் பார்ப்பது, ஆள் வராவிட்டால் நிறுத்திவிடுவது என்று ஏற்பாடு. அண்ணி தினமும் கல்லூரி விட்டு நேராக அங்கே போய் நின்றார்.

ஆள் வரவில்லை. முழங்கால் வலிக்காரப் பாட்டிகள் வந்தார்கள், சளி பிடித்த பிள்ளைகள் வந்தார்கள். கம்பெனிச் சட்டை போட்ட ஒருவரைக் காணோம். ஷிஃப்ட் முடிந்து வாசல் வழியாகவே கூட்டம் கூட்டமாகப் போனார்கள், உள்ளே எட்டிப் பார்த்தார்கள், போய்விட்டார்கள். தூரமாக இருப்பதால்தான் வருகிறார்கள் என்று எழுதியவரே பக்கத்தில் கடை விரித்தால் எப்படி வருவார்கள்? அண்ணிக்கு அது தெரியாமல் இல்லை. "மொதல்ல ஒருத்தர் வந்துட்டா போதும் தம்பி. ஒருத்தர் தைரியமா நின்னுட்டா, பின்னாடி வந்துருவாங்க" என்றார். அந்த ஒருத்தர் யாராக இருக்கலாம் என்று எங்கள் இருவருக்குமே தெரியும். நீங்கள் சொல்லவில்லையென்றால் நான் சொல்கிறேன் என்றேன். "சொல்லிடாதீங்க. அவரு வேலை சம்பந்தப்பட்டது" என்றார். குரல் இறங்கிப்போயிருந்தது. மாதம் முடிய இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது.

அன்றிரவு சாப்பிடும்போது, அந்தச் சாயங்கால ஓ.பி.யை நிறுத்திவிடுவார்கள் போலிருக்கிறது என்று அண்ணி பொதுவாகச் சொன்னார். அண்ணன் களியைச் சாப்பிட்டு முடித்துக் கை கழுவப் போனான்.

மறுநாள் சாயங்காலம் ஷிஃப்ட் விட்ட கூட்டத்திலிருந்து பிரிந்து, கம்பெனிச் சட்டையைக்கூட மாற்றாமல், அண்ணன் சுகாதார நிலையத்துக்குள் வந்தான். ரோட்டில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். சீட்டு எழுதுகிற அம்மா என்ன உடம்புக்கு என்று கேட்டார். மெதுவாகப் பேசுகிறவன், ரோடு வரைக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னான்: "சுகருங்க. ரொம்ப நாளா இருக்கு." சொல்லிவிட்டு வரிசையில் போய் நின்றான். நானும் அண்ணியும் சுவரோரமாக நின்றிருந்தோம். அண்ணி நகரவில்லை.

கொஞ்ச நேரத்தில் அண்ணனின் சூப்பர்வைசரே உள்ளே வந்தார். முடிந்தது, இந்த வருடமும் நிரந்தரம் கிடையாது என்று நினைத்தேன். அவர் அண்ணனைப் பார்த்தார். அண்ணனும் திரும்பி அவரைப் பார்த்தான். அந்தச் சுவரிலும் ஒரு காலண்டர் இருந்தது. இரண்டு பேருமே அதைப் பார்க்கவில்லை.

"நீ எத்தன நாளாப்பா?" என்றார் அவர்.

"ஒரு வருசம் தாண்டிருச்சு சார். நீங்க?"

"ஒன்னவிட சீனியர்" என்று சொல்லிவிட்டு அண்ணனுக்குப் பின்னால் நின்றுகொண்டார். அவர் நிற்பதைப் பார்த்துவிட்டு, ரோட்டில் தயங்கிக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக உள்ளே வந்தார்கள். குருபரப்பள்ளிப் பெஞ்சில் என்னைத் தெரியாததுபோல் இருந்த அந்தக் கேண்டீன் நண்பரும் அவர்களில் இருந்தார். வந்தவர் என் தோளில் தட்டி, வீட்டில் எல்லோரும் சௌக்கியமா என்று கேட்டார்.

அண்ணி இப்போது பெரிய பெரிய திட்டங்களுக்கு ஆலோசனை சொல்கிறார். டெல்லிக்கும் சென்னைக்கும் விமானத்தில் போகிறார், நிற்க வேண்டியதில்லை. அண்ணன் அந்த வருடக் கடைசியில் நிரந்தரமானான். நோய் தெரிந்தும் எப்படி ஆக்கினார்கள் என்று நாங்கள் யாரையும் கேட்கவில்லை. சாயங்கால ஓ.பி. நின்றுபோகவே இல்லை. சமீபத்தில் அந்தப் பக்கம் போனபோது, கம்பெனிச் சட்டைக்காரர்கள் வரிசையில் நின்று சர்க்கரை அளவை ஒருவருக்கொருவர் ஒப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு அது ஒளிக்க வேண்டிய விஷயமாகவே தோன்றவில்லை. எனக்குத்தான் அங்கேயே கொஞ்ச நேரம் நிற்க வேண்டும்போல் இருந்தது.

அந்த முதல் நாள், மாத்திரையை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு அண்ணன் வெளியே வந்ததும் அண்ணி என்னிடம் சொன்னார்: "தம்பி, நீங்க முன்னாடி போங்க. நாங்க நடந்து வர்றோம். ஊருக்கே கேக்கற மாதிரி அவரே சொல்லிட்டாரு. இனி வீட்டுலயும் பேசலாம்." நான் வீட்டுக்குப் போய் முகம் கழுவி, அம்மாவிடம் பாதியைச் சொல்லிக்கொண்டிருந்தபோதே தெருமுனையில் அண்ணியின் சத்தம் கேட்டது. லைன் வீட்டுக் கதவுகள் எல்லாம் திறந்துகொண்டன. ஒரு வருடத்துத் திட்டு மொத்தத்தையும் வாங்கிக்கொண்டு, அண்ணன் சிரித்தபடி வந்துகொண்டிருந்தான்.